கலிபோர்னியா கவுன்டியில் இறப்புச் சான்றிதழ்: எங்கே தடங்கல், என்ன செய்வது

கலிபோர்னியாவில் அப்பாவையோ அம்மாவையோ துணையையோ இழந்துவிட்டு, கவுன்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) அலுவலகங்களில் சான்றிட்ட இறப்புச் சான்றிதழுக்காக அலையும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதை எழுதுகிறேன். பே ஏரியாவில் இந்தக் காகித வேலையில் பல குடும்பங்களுக்குக் கூட நின்று உதவியிருக்கிறேன். திரும்பத் திரும்ப வரும் தடங்கல்கள் சிலதான். அவற்றில் பெரும்பாலானவை கவுன்டர் ஜன்னலில் பிறப்பதில்லை. இறந்த மறுநாள் பியூனரல் ஹோமில் (உடலைப் பொறுப்பேற்று இறுதிக் காரியங்களை நடத்தும் நிறுவனம்) உட்கார்ந்து, அழுது களைத்த நிலையில் நிரப்பும் அந்த ஒரு படிவத்தில் பிறக்கின்றன. அந்த மேசைக்கே இன்னும் போகவில்லை என்றால், பெயர் பற்றிய பகுதியை முதலில் படித்துவிடுங்கள். மற்றவர்கள் தங்கள் தடங்கல் எதுவோ அதற்கு நேராகப் போகலாம்.

இதில் சொல்வது கலிபோர்னியாவுக்கு மட்டும். டெக்சாஸிலோ நியூ ஜெர்சியிலோ அலுவலகமும் வேறு, விதியும் வேறு.

தகனத்துக்குத் தேதியே கிடைக்கவில்லை

ஊரில் காலையில் போனவரை மாலைக்குள் எரித்துவிடுவோம். இங்கே அது நடக்காது. இறப்பு நிகழ்ந்த எட்டு நாட்களுக்குள், உடலை எரிப்பதற்கோ புதைப்பதற்கோ முன்பே, அந்தப் பகுதியின் பதிவாளரிடம் இறப்பு பதிவாக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். பதிவானால்தான் தகன அனுமதிச் சீட்டு வரும்.

பதிவு தாமதமானால் பெரும்பாலும் டாக்டரின் கையெழுத்து நிற்கிறது என்று பொருள். சான்றிதழில் இறப்புக் காரணத்தை எழுதும் மருத்துவப் பகுதியை 15 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் வாரக் கடைசியில் இறந்தால், டூட்டியில் இருந்த டாக்டர் ஒருவர், வழக்கமாகப் பார்த்தவர் இன்னொருவர் என்று ஆகிவிடும். பியூனரல் ஹோமில் ஒரே கேள்வி கேளுங்கள்: "மருத்துவப் பகுதி எந்த டாக்டரிடம் நிற்கிறது?" பெயர் தெரிந்தால் அவருடைய கிளினிக்கை நீங்களே கூப்பிடலாம். குடும்பத்தார் நேரில் பேசினால் வேலை நகரும். கரோனர் (திடீர் மரணங்களை விசாரிக்கும் கவுன்டி அதிகாரி) கையில் கேஸ் போயிருந்தால் கதை வேறு. அதைக் கீழே சொல்கிறேன்.

"அப்படி ஒரு பதிவே இல்லை" என்று பதில் வந்தது

முதலில் கவுன்டியைச் சரிபாருங்கள். குடியிருந்த ஊர் கணக்கில்லை, உயிர் பிரிந்த இடம்தான் கணக்கு. ஃப்ரீமான்ட்டில் வீடு, ஸ்டான்ஃபோர்டு ஆஸ்பத்திரியில் இறப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு அலமேடா கவுன்டி, ஆஸ்பத்திரி சாந்தா கிளாரா கவுன்டி. ஓக்லாந்தில் எத்தனை முறை கேட்டாலும் இல்லை என்றுதான் சொல்வார்கள். சான் ஹோசேயில் கேட்க வேண்டும்.

கவுன்டி சரி என்றால் அடுத்தது அலுவலகம். ஒரே கவுன்டிக்குள் இரண்டு இடங்கள் உண்டு. அண்மையில் நடந்த இறப்பு என்றால் பொதுச் சுகாதாரத் துறையின் பதிவுப் பிரிவு, பழையது என்றால் கவுன்டி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்டர் அலுவலகம். லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில் நடப்பு ஆண்டும் போன ஆண்டும் சுகாதாரத் துறையில் கிடைக்கும், மற்றவற்றுக்கு நார்வாக்கில் இருக்கும் ரெஜிஸ்ட்ரார்-ரெக்கார்டர் அலுவலகம். புதிய பதிவு ரெக்கார்டர் கணினிக்கு வந்து சேரச் சில வாரங்கள் ஆகலாம். அந்த இடைவெளியில் போய் நின்றால் இல்லை என்று பதில் வரும். இன்னொரு பொறி: லாங் பீச், பாசடேனா, பெர்க்லி ஆகிய மூன்று நகரங்களுக்கும் சொந்தச் சுகாதாரத் துறை இருக்கிறது. அங்கே அண்மையில் இறந்தவருக்குக் கவுன்டியை விட்டு நகர அலுவலகத்தைக் கேட்க வேண்டும்.

இரண்டும் சரியாக இருந்தும் கிடைக்கவில்லையா? பெயரைத் திருப்பிப் போட்டுத் தேடச் சொல்லுங்கள். அட்டவணை கடைசிப் பெயரை வைத்து ஓடுகிறது. நம் ஆட்களின் கடைசிப் பெயர் சில சமயம் அப்பா பெயராக இருக்கும், சில சமயம் சொந்தப் பெயராகவே இருக்கும். விண்ணப்பத்தில் ஒரே வடிவம் எழுதினால் அந்த வடிவத்தை மட்டுமே தேடுவார்கள். கிடைக்கவில்லை என்றால் பதிவில்லாச் சான்று ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டுக் கட்டணத்தையும் வைத்துக்கொள்வார்கள், ஏனென்றால் அது தேடுவதற்கான கட்டணம். ஆகவே விண்ணப்பிக்கும் முன் பியூனரல் ஹோமைக் கூப்பிட்டு, பதிவு எந்தப் பெயரில், எந்தத் தேதியில் ஏறியது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

சாக்ரமென்டோவில் இருக்கும் மாநில அலுவலகத்தில் 1905 ஜூலையிலிருந்து பதிவுகள் உண்டு. எந்தக் கவுன்டி என்றே தெரியாத பழைய இறப்புக்கு அது உதவும். அவசரத்துக்கு ஆகாது. கவுன்டியில் நேரில் போனால் பல நேரம் அன்றே கிடைப்பது அங்கே வாரக்கணக்கில் இழுக்கும்.

வந்த நகலின் மேல் "அடையாளத்துக்குச் செல்லாது" என்று அச்சிட்டிருக்கிறது

நம் குடும்பங்களில் அடிக்கடி நடப்பது இதுதான். மாமனார் இறந்திருப்பார். வீட்டில் எல்லோரும் நொறுங்கிப்போய் இருக்க, ஓடியாடிக் காரியம் பார்ப்பவர் மாப்பிள்ளை. அவர்தான் கவுன்டருக்கும் போவார். பணம் கட்டி, முத்திரை போட்ட தாளோடு வீடு வந்து சேர்வார். பேங்கில் கொடுத்தால் வாங்க மாட்டார்கள்.

கலிபோர்னியாவில் சான்றிட்ட நகல் இரண்டு வகை. ஒன்று, உரிமை உள்ளவருக்குத் தரும் நகல். மற்றது, யார் கேட்டாலும் தரும் தகவல் நகல். இரண்டிலும் அதே விவரம்தான், அதே முத்திரைதான். தகவல் நகலின் குறுக்கே மட்டும் பெரிய எழுத்தில் அந்த எச்சரிக்கை இருக்கும். 2003-லிருந்து இந்த முறை. உரிமை உள்ளவர் யார் என்று சட்டம் பட்டியல் போட்டிருக்கிறது: பெற்றோர், பிள்ளை, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளை, உடன்பிறந்தவர், கணவன் மனைவி, பதிவு பெற்ற வாழ்க்கைத் துணை, சொத்தை நிர்வகிக்க நீதிமன்றம் நியமித்தவர், அவர்களுடைய வக்கீல், நீதிமன்ற உத்தரவு வைத்திருப்பவர். மருமகனும் மருமகளும் அதில் இல்லை.  கூடவே வாழ்ந்து பார்த்துக்கொண்ட நண்பரும் இல்லை.

இறந்தவரின் மகளோ மனைவியோ கையெழுத்துப் போட்டு மறுபடி விண்ணப்பிப்பதுதான் தீர்வு. நேரில் போனால் விண்ணப்பத்தோடு இருக்கும் உறுதிமொழியில் கவுன்டரில் இருப்பவர் முன்னாலேயே கையெழுத்துப் போடலாம், நோட்டரி தேவையில்லை. இன்னும் எளிய வழி பியூனரல் ஹோம். குடும்பத்தின் சார்பில் உரிமை நகல் வாங்க அவர்களுக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. மகளால் வீட்டை விட்டு எழுந்து வர முடியாத நிலை என்றால் இதையே செய்யுங்கள். அவரை வரிசையில் நிற்க வைக்க வேண்டாம்.

தபாலில் அனுப்பிய விண்ணப்பம் அப்படியே திரும்பி வந்தது

உறுதிமொழியில் நோட்டரி முத்திரை இல்லாமல் இருக்கும். தபால் விண்ணப்பத்துக்கு அது கட்டாயம். நோட்டரி முன்னால்தான் கையெழுத்துப் போட வேண்டும், வீட்டிலேயே போட்டுவிட்டுக் கொண்டுபோகாதீர்கள்.

விண்ணப்பிப்பவர் தமிழ்நாட்டில் இருந்தால் இது தலைவலி. உள்ளூர் நோட்டரியின் சிவப்பு முத்திரையை மட்டும் நம்பி அனுப்பாதீர்கள். சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நோட்டரி சேவை உண்டு, முன்பதிவு செய்து போக வேண்டும், ஒரு முத்திரைக்கு 50 டாலர். இங்கே உரிமையுள்ள சொந்தம் ஒருவராவது இருந்தால் அவரை விண்ணப்பிக்கச் சொல்லி, நகலை கூரியரில் வரவழைப்பது செலவும் குறைவு, நாளும் குறைவு. ஆன்லைனில் வாங்கலாமே என்று தோன்றும். கவுன்டியின் இணையப் பக்கத்திலிருந்தே போகும் இணைப்பு வழியாக மட்டும் போங்கள். தேடுபொறியில் முதலில் வரும் விளம்பரத் தளங்கள் சில, கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு நாமே நிரப்ப வேண்டிய படிவத்தை நம்மிடமே கொடுக்கும்.

கட்டணத்தை அனுப்பும் அன்று பார்த்துக்கொள்ளுங்கள். 2024-ல் மாநில அலுவலகத்தில் ஒரு நகல் 24 டாலர். இந்தத் தொகை அவ்வப்போது ஏறும். குறைவான தொகைக்குக் காசோலை வைத்தால் அதுவும் திரும்பி வரும்.

இறப்புக் காரணம் என்ற இடத்தில் "நிலுவை" என்று இருக்கிறது

சான்றிதழில் 107-ஆம் கட்டத்தைப் பாருங்கள், காரணம் அங்கேதான் வரும். விபத்து, திடீர் மரணம், டாக்டர் பார்வையில் இல்லாத மரணம் எல்லாம் கரோனரிடம் போகும். ரத்தப் பரிசோதனை, திசுப் பரிசோதனை முடிவு வர மாதங்கள் ஆகலாம். தகனம் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதற்காகத்தான் காரணத்தை நிலுவையில் வைத்துப் பதிவை முடிக்கிறார்கள்.

இந்தச் சான்றிதழ் செல்லும். ஒருவர் இறந்துவிட்டார் என்பதற்கு இது முழுச் சாட்சி. பேங்க் கணக்கு, பென்ஷன் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் போதும். ஆயுள் காப்பீட்டு நிறுவனம்தான் காரணம் தெரியாமல் பணம் தர மறுக்கும். ஆகவே இப்போது இரண்டு நகல் மட்டும் வாங்குங்கள். காரணம் முடிவானதும் கரோனர் அலுவலகம் திருத்தத்தைப் பதிவுக்கு அனுப்பும். கையில் இருக்கும் பழைய நகல் தானாக மாறாது, புதிதாகக் காசு கட்டித்தான் வாங்க வேண்டும். கேஸ் நம்பரைக் குறித்து வைத்துக்கொண்டு மாதம் ஒருமுறை கரோனர் அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். திருத்தம் முடிந்ததை யாரும் வீட்டுக்குத் தெரிவிக்காமல் போவதுண்டு.

மருத்துவக் காரணமே தவறு என்று நினைத்தால் குடும்பத்தாரால் அதைத் திருத்த முடியாது. கையெழுத்துப் போட்ட டாக்டரோ கரோனரோ விஎஸ் 24ஏ படிவத்தில் திருத்த வேண்டும்.

பெயர் ஊர்க் காகிதங்களோடு ஒத்துப்போகவில்லை

எல்லாவற்றையும் விட இதற்குத்தான் நேரம் ஒதுக்கச் சொல்வேன். ஒரு பெயரை எடுத்துக்கொள்வோம். பாஸ்போர்ட்டில் சொந்தப் பெயர் சுப்பிரமணியன், குடும்பப் பெயர் ராமசாமி. கலிபோர்னியா சான்றிதழில் முதற்பெயர் சுப்பிரமணியன், கடைசிப் பெயர் ராமசாமி என்று ஏறும். ஊர்ப் பட்டாவில் சுப்பிரமணியன், த/பெ ராமசாமி. பேங்க் பாஸ்புக்கில் ஆர். சுப்பிரமணியன். பழைய பத்திரத்தில் சுப்பிரமணியக் கவுண்டரோ சுப்பிரமணிய பிள்ளையோ. நமக்கு எல்லாம் ஒரே ஆள் என்று தெரியும். ஊர்ப் பேங்க் மேனேஜருக்கு அது தெரிந்தாலும், எழுத்தில் இல்லாமல் அவர் கையெழுத்துப் போட மாட்டார்.

பாஸ்போர்ட்டில் ஒரே கட்டத்தில் முழுப் பெயரும் இருந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல். அமெரிக்க விசாவில் அவர்களுடைய முதற்பெயர் இடத்தில் 'எஃப்என்யு' என்று போட்டிருப்பார்கள். முதற்பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம் அது. விசாவைப் பார்த்து நிரப்பினால் இறப்புச் சான்றிதழிலும் அந்த மூன்றெழுத்து இறந்தவரின் பெயராகவே ஏறிவிடும்.

சான்றிதழின் மேல் பகுதியில், பெயர்க் கட்டங்களுக்குக் கீழேயே, வேறு பெயர்களை எழுத ஓர் இடம் இருக்கிறது. பியூனரல் ஹோமில் அதைப் பற்றிப் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். பலர் காலியாக விட்டுவிடுகிறார்கள். அந்த ஓர் இடம் பிறகு ஊரில் எத்தனையோ அலைச்சலை மிச்சப்படுத்தும். பட்டா, பாஸ்புக், ஆதார், பான் அட்டை, காப்பீட்டுப் பாலிசி எல்லாவற்றையும் ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பச் சொல்லுங்கள். எந்தெந்த எழுத்தில் எந்தெந்த வடிவம் இருக்கிறது என்று பார்த்து, ஆங்கில எழுத்துக்கூட்டல் மாறாமல் அந்த வடிவங்களை அங்கே ஏற்றச் சொல்லுங்கள். இறந்தவரின் அம்மா பெயரையும் கேட்பார்கள், அதுவும் அவர் பிறந்தபோது இருந்த பெயர். பாட்டியின் பெயர் தெரியாத பேரன்கள் நிறைய. மேசையில் உட்கார்வதற்கு முன் அத்தையைக் கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த இடத்தில் 'தெரியாது' என்று ஏறும்.

பதிவுக்கு அனுப்புவதற்கு முன் வரைவைப் பார்க்கக் கேளுங்கள். எழுத்து எழுத்தாகப் படியுங்கள், துக்கத்தில் இல்லாத ஒருவரையும் படிக்கச் சொல்லுங்கள். இந்த நிலையில் திருத்துவது ஒரு நிமிட வேலை.

பதிவாகிவிட்டதா? இன்னும் வழி இருக்கிறது. விஎஸ் 24 என்ற திருத்தப் படிவத்தில், விவரம் தெரிந்த இருவர் உறுதிமொழிக் கையெழுத்துப் போட வேண்டும். விடுபட்ட வேறு பெயரையும் இதில் சேர்க்கலாம். கறுப்பு மையில், அடித்தல் திருத்தல் இல்லாமல் நிரப்புங்கள். வெள்ளை மை பூசினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அண்மைய இறப்பு என்றால் பியூனரல் ஹோமே இதை அனுப்பிவைக்கும், அவர்களிடமே கேளுங்கள். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: முதல் பக்கத்தில் இருந்த தவறு அழியாது. திருத்தம் இரண்டாம் பக்கமாகச் சேரும், இரண்டும் சேர்ந்ததுதான் இனிச் சான்றிதழ். ஊரில் முதல் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, தவறாக இருக்கிறதே என்பார்கள். இரண்டாம் பக்கத்தைக் கையோடு காட்டுங்கள்.

தேதி தவறு என்று ஊரில் சொல்கிறார்கள்

பெரும்பாலும் தேதி சரியாகவே இருக்கும். 03/07/2023 என்று இருந்தால் அது மார்ச் 7. ஊரில் ஜூலை 3 என்று படித்துக் கணினியில் ஏற்றிவிடுவார்கள். கட்டத்தின் தலைப்பிலேயே மாதம், நாள், ஆண்டு என்ற வரிசை சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும், அதைச் சுட்டிக் காட்டலாம். ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் ஒரு முகப்புக் கடிதம் வைத்து, அதில் மாதத்தை எழுத்தால் எழுதிவிடுவது இன்னும் பாதுகாப்பு.

இரண்டாவது காரணம் நேர வித்தியாசம். மார்ச் 7 இரவு ஒன்பது மணிக்கு இங்கே உயிர் பிரிந்தால் ஊரில் அப்போது 8-ஆம் தேதி காலை பத்தரை. கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலும் பத்திரிகை விளம்பரத்திலும் 8 என்று போட்டுவிடுவார்கள், திதியும் அப்படியே கணக்காகும். அதில் தவறில்லை. ஆனால் வாரிசுச் சான்றிதழ் விண்ணப்பத்திலும் உறுதிமொழிப் பத்திரத்திலும் கலிபோர்னியாத் தேதியை மட்டும் எழுதச் சொல்லுங்கள்.

அப்போஸ்டில் போடாமல் திருப்பிவிட்டார்கள்

இந்தியாவில் காட்ட வேண்டிய நகலுக்கு கலிபோர்னியாவின் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்தில் அப்போஸ்டில் (நகலில் உள்ள கையெழுத்து உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் சான்று) வாங்க வேண்டும். இந்தியாவில் 2005 ஜூலை 14-லிருந்து அப்போஸ்டில் ஒப்பந்தம் நடப்பில் இருப்பதால் தூதரக முத்திரை தனியாக வேண்டாம்.

திருப்பிவிட்டார்கள் என்றால் நகலின் அடியில் யார் கையெழுத்து என்று பாருங்கள். கவுன்டி கிளார்க்-ரெக்கார்டர் கையெழுத்து, மாநிலப் பதிவாளர் கையெழுத்து என்றால் நேரே ஏற்பார்கள். சுகாதார அதிகாரியின் கையெழுத்து என்றால், அதே கவுன்டியின் கிளார்க் அதற்குச் சான்று தர வேண்டும். இறப்பு அண்மையில் நடந்திருந்தால் முதலில் கையில் கிடைப்பது சுகாதாரத் துறை நகல்தான் என்பதால் நிறையப் பேர் இதில் மாட்டுகிறார்கள். அவசரம் இல்லை என்றால் சில வாரம் பொறுத்து ரெக்கார்டரிடம் ஒரு நகல் வாங்கி, அதை அனுப்புவது எளிது.

அப்போஸ்டில் ஒன்றுக்கு 20 டாலர். சாக்ரமென்டோவிலோ லாஸ் ஏஞ்சலஸிலோ நேரில் கொடுத்தால் ஒவ்வொரு அதிகாரியின் கையெழுத்துக்கும் கூடுதலாக 6 டாலர். எந்த நாட்டுக்கு என்று எழுதிக் கொடுங்கள். ஜெராக்ஸ் ஏற்க மாட்டார்கள். ஓரத்தில் விரலால் தடவினால் மேடாகத் தட்டுப்படும் அச்சுக்கரை, முத்திரை, தேதி, கையெழுத்து எல்லாம் உள்ள அசல் நகல் வேண்டும். பத்திரமாக இருக்கட்டும் என்று லேமினேட் செய்துவிடாதீர்கள், அந்தக் கரையும் முத்திரையும் பிளாஸ்டிக்குக்குள் போய்விட்டால் நகலே வீண். அப்போஸ்டில் வந்த பிறகு ஸ்கேன் எடுப்பதற்காக பின்னைப் பிரிக்கவும் வேண்டாம்.

ஊரில் இறப்பைப் பதிவு செய்ய மறுக்கிறார்கள்

மறுப்பது சரிதான். இறப்பு நடந்த இடத்தில்தான் பதிவு, அதனால் நகராட்சியோ பஞ்சாயத்தோ கலிபோர்னியா மரணத்துக்குச் சான்றிதழ் தர முடியாது. அதற்காக யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். இறந்தவர் இந்தியக் குடிமகன் என்றால் இங்கே இருக்கும் இந்தியத் துணைத் தூதரகத்தில் பதிவு செய்யலாம். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. பாஸ்போர்ட் ரத்துக்குப் போகும்போதே இதையும் கேட்டு முடித்துவிடுங்கள். அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர் என்றால் அப்போஸ்டில் போட்ட கலிபோர்னியா சான்றிதழே ஆவணம்.

தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு அதையே கொடுக்கலாம். வேறு பெயர்கள் உள்ள இடத்தைப் பென்சிலால் வட்டமிட்ட ஒரு ஜெராக்ஸும், மாதத்தை எழுத்தால் எழுதிய முகப்புக் கடிதமும், இறந்தவரின் பழைய ரேஷன் கார்டோ வாக்காளர் அட்டையோ கூட வைத்தால் விஏஓ விசாரணை சுலபமாகும். அசலைக் கவுன்டரில் விட்டுவிட்டு வராதீர்கள், காட்டிவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஊருக்கு என்று அப்போஸ்டில் போட்ட நகல் குறைந்தது இரண்டு இருக்கட்டும், ஒன்று வருவாய்த் துறைக்கு, ஒன்று பேங்குக்கு.